136-க்கும் 142-க்கும் நடுவே

கேரள எல்லையிலுள்ள குமுளியில் குடியிருந்து, மலைக்குக் கீழே தமிழ்நாட்டின் கம்பத்தில் உறவினரை வைத்திருப்பவர்களுக்கு, கேரளத்தில் நின்று தமிழ்நாட்டுக்கு நீர் தரும் முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய ஒரே செய்தியை ஒரே நாளில் இரண்டு விதமாகக் கேட்கும் வாய்ப்பு தவறாமல் வாய்க்கிறது. மலையிறங்கிப் போனால் அணைக்கு ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். அணைக்குக் கீழே கேரள ஆற்றங்கரையிலுள்ள வண்டிப்பெரியாறு பக்கம் போனால் அடுத்த பெருமழைக்குத் தாங்குமா என்று கேட்கிறார்கள். 1886-இல் எழுதப்பட்ட 999 ஆண்டுக் குத்தகை, 1895-இல் முடிந்த கட்டுமானம், 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட நீர்மட்டம், 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அளித்த அனுமதி ஆகிய யாவும் இரு பக்கத்துத் தேநீர்க் கடைகளிலும் மனப்பாடம். ஆகவே, விவரம் போதாமையால்தான் இந்தச் சச்சரவு நீள்கிறது என்ற விளக்கத்தை நான் ஏற்பதில்லை.

அணையின் வயதையே எடுத்துக்கொள்ளலாம். சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் தூளும் கலந்து எழுப்பிய சுவர் நூற்றிருபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டியும் நிற்பது, கம்பத்தை அடுத்த கூடலூர் விவசாயிக்கு அதன் வலிமைக்குச் சான்று. கேரளத்து உப்புத்தறையில் ஆற்றங்கரையோரம் வீடு கட்டியவருக்கு அதே எண் அதன் ஆயுள் முடிந்துவிட்டதற்குச் சான்று. பிற்காலத்தில் மேற்பகுதியில் கான்கிரீட் ஏற்றி, எஃகு வடங்களால் சுவரை அடிப்பாறையோடு பிணைத்து, பின்புறம் கான்கிரீட்டால் முட்டுக்கொடுத்தார்கள். ‘அதுதான் பலப்படுத்திவிட்டார்களே’ என்கிறார் ஒருவர். ‘பலமாக இருந்ததை எதற்குப் பலப்படுத்தினார்கள்?’ என்கிறார் மற்றவர். இரண்டு கேள்விகளுமே நியாயமாக ஒலிப்பதுதான் சங்கடம்.

நீர்மட்டம் குறைக்கப்பட்ட அதே 1979-இல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்களுக்கும் எதிர்க்கும் மாணவர்களுக்கும், அத்தண்டனை குற்றங்களைக் குறைக்கிறது என்று சொல்லும் ஆய்வொன்றையும் குறைக்கவில்லை என்று சொல்லும் ஆய்வொன்றையும் படிக்கக் கொடுத்தார்கள். தமக்கு ஒத்துவந்த ஆய்வு சிறப்பாகச் செய்யப்பட்டது என்றும் ஒவ்வாத ஆய்வில் ஓட்டைகள் உள்ளன என்றும் இரு தரப்பினரும் கண்டுபிடித்தார்கள். படித்து முடித்தபோது தத்தம் கருத்தில் முன்னைவிட உறுதியாகிவிட்டதாகச் சொன்னார்கள். 1985-இல் லெப்பரும் ராஸும் ராபர்ட் வலோனுடன் சேர்ந்து, பாலஸ்தீன அகதிகள் கொல்லப்பட்ட 1982 பெய்ரூட் படுகொலை குறித்த ஒரே தொலைக்காட்சிச் செய்திகளை இஸ்ரேல் ஆதரவாளர்களுக்கும் அரபு ஆதரவாளர்களுக்கும் காட்டியபோது, அச்செய்திகள் எதிர்த்தரப்புக்கே சாதகமானவை என்று இருவருமே குறைகூறினார்கள். தமிழ், மலையாளம் ஆகிய இரு மொழிச் செய்திகளையும் பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த முடிவு வியப்பளிக்காது.

இதை மொழிச் சண்டை என்று தொலைவிலிருந்து பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அணை உடைந்தால் வெள்ளம் முதலில் சென்றடையும் வண்டிப்பெரியாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்பவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். தோட்டத்துக் குடியிருப்பில் இருக்கும் அண்ணன் மழைக்காலத்தில் உறங்காமல் கிடப்பதும், கம்பத்தில் இருபோக நெல் விளைவிக்கும் தம்பி நீர்மட்டம் ஓரடி குறைந்தாலும் பதறுவதும் ஒரே குடும்பத்துக்குள் நடக்கக்கூடியவை. அச்சம் மொழியைவிட, அணையின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதையே அதிகம் சார்ந்திருக்கிறது. ஆனால் 2011 டிசம்பரில் இந்தச் சச்சரவால் எல்லைச் சாலை முடங்கியபோது, அந்த அண்ணனுக்கு எந்த அணியிலும் இடமிருக்கவில்லை.

எதிர்த்தரப்பின் நோக்கத்தை நாம் அளக்கும் விதம் இன்னும் மோசமானது. ‘தமிழ்நாட்டுக்குத் தண்ணீர், கேரளத்துக்குப் பாதுகாப்பு’ என்ற முழக்கமும், கேரளம் தன் செலவிலேயே புதிய அணை கட்டித் தருவதாகச் சொன்னதும் கம்பம் பள்ளத்தாக்கில் சூழ்ச்சியாகவே கேட்டன. பழைய அணையோடு பழைய உரிமையும் போய்விடும் என்பதே அங்குள்ள கவலை. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கின் பிறந்த நாளான ஜனவரி 15-இல் பொங்கல் வைக்கும் ஊர்களில் அந்த அணை வெறும் நீர்த்தேக்கமாக இல்லை. ஜெரமி கிஞ்சஸ், ஸ்காட் அட்ரன் முதலியோர் பாலஸ்தீனர்களிடமும் யூதக் குடியேறிகளிடமும் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், புனிதமாகக் கருதும் ஒன்றை விட்டுக்கொடுக்கப் பணம் தருவதாகச் சொன்னபோது சினம் கூடியது. எதிர்த்தரப்பும் தனக்குப் புனிதமான ஒன்றை விட்டுக்கொடுப்பதாகச் சொன்னபோது தணிந்தது. 1970-இல் ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்த்தப்பட்ட, தமிழ்நாடு கேரளத்துக்குச் செலுத்தும் குத்தகையை மேலும் உயர்த்தினால் போதும் என்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அப்படியானால், கம்பத்து மேடையில் ஒருவர் வண்டிப்பெரியாற்றின் அச்சத்தை முதலில் பேசலாம். குமுளி மேடையில் ஒருவர் பள்ளத்தாக்கின் வறட்சியை முதலில் பேசலாம். பேசாததற்குக் காரணம் அறியாமை என்று எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்க ஆய்வாளர் டான் கஹான் சொல்வதுபோல, இத்தகைய விவகாரத்தில் தனிமனிதரின் கருத்து விவகாரத்தைச் சற்றும் மாற்றாது. தம் மக்களிடையே அவருக்குள்ள இடத்தையோ அது மறுநாளே மாற்றிவிடும். அப்படிப் பேசுகிறவர் நீர்மட்டத்தை ஓரங்குலம்கூட ஏற்றவோ இறக்கவோ முடியாது. ஆனால் ஊர்க் கூட்டத்துக்கு அடுத்த முறை அவரை அழைக்க மாட்டார்கள்.