தெரிந்துதான் கேட்டார்கள்

2012 ஜூன் மாதம். நியூ ஜெர்சியின் பெர்கன் கவுண்டியில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்துவந்தேன். அங்கே சுவரில் மாட்டிய தொலைக்காட்சியில் நாள் முழுவதும் விளையாட்டுச் செய்திதான் ஓடும். ஜயன்ட்ஸ் அணியின் மைதானம் இருக்கும் கிழக்கு ரதர்ஃபோர்ட் எங்களுக்குப் பக்கம். வருகிற நோயாளிகளில் பாதிப் பேர் அந்த அணியின் வீரர்களை வீட்டுப் பிள்ளைகளைப் போலத்தான் பேசுவார்கள். அன்று காலை, செயற்கை மூட்டு வைத்து ஐந்தாவது வாரத்தில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் உடற்பயிற்சி சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தார். திரையைப் பார்த்தவர் சட்டென்று மிதிப்பதை நிறுத்தினார். "எங்கள் பையனைக் கொண்டுபோய்விட்டார்கள்" என்றார். முகம் சிவந்துவிட்டது.

அந்தப் பையன் ஜேக் பாலர்ட். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டத்தில், அதாவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி மோதிக்கொண்டு ஓடும் ஆட்டத்தில், டைட் எண்ட் என்ற இடத்தில் ஆடுபவர். எதிராளியை மறிக்கவும் வேண்டும், பந்தைப் பிடிக்கவும் வேண்டும். 2010-இல் வீரர் தேர்வில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. ஜயன்ட்ஸ் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. 2011 நவம்பரில் பேட்ரியாட்ஸ் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே வீழ்த்திய கடைசிப் பந்தைப் பிடித்தவர் அவர்தான். அப்போது ஆட்டம் முடிய 15 விநாடிகள் இருந்தன. மறு பிப்ரவரியில், இண்டியானாபொலிஸில் நடந்த பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில், அதே இரண்டு அணிகளும் மீண்டும் மோதின. ஜயன்ட்ஸ் 21-17 என்று வென்றது. அந்த ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் பாலர்டின் முழங்கால் போனது.

அந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், தொழில் காரணமாகவே. எல்லைக்கோட்டுக்கு வெளியே, தன் கால் இன்னும் ஓடுமா என்று சோதிப்பதற்காக அவர் ஓடிப்பார்க்கிறார். இரண்டு மூன்று அடிதான். கால் அவருக்கு அடியிலிருந்து நழுவிப் போகிறது. மூட்டின் நடுவே குறுக்காக ஓடி எலும்பைப் பிடித்து நிறுத்தும் ஏ.சி.எல். என்ற தசைநார் அறுந்துவிட்டால் வலியைவிட இந்த நழுவல்தான் மனிதனை உலுக்கும். என் நோயாளிகள் அத்தனை பேரும் இதையேதான் சொல்வார்கள்: கால் இருக்கிறது, ஆனால் அது என்னுடையது இல்லை.

பாலர்டுக்குத் தசைநார் அறுவையோடு மைக்ரோஃப்ராக்சர் என்ற சிகிச்சையும் செய்தார்கள். குருத்தெலும்பு தேய்ந்துபோன இடத்தில் எலும்பில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, கசியும் இரத்தம் உறைந்து புதுத் திசுவாகட்டும் என்று காத்திருப்பது. வாரக்கணக்கில் காலை ஊன்றக் கூடாது. அதற்குள் தொடைத் தசை வற்றிவிடும். அடுத்த பருவம் அவரால் ஆட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

தபால்காரரின் கோபம் புரிய வேண்டுமானால் வேவர் என்ற ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். இந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் 32 அணிகள். நான்கு பருவங்கள் நிறைவு செய்யாத வீரரை ஓர் அணி விடுவித்தால் அவர் விரும்பிய இடத்துக்குப் போய்விட முடியாது. வேவர் பட்டியலில் அவர் பெயர் ஏறும். மற்ற அணிகள், வழக்கமாக 24 மணி நேரத்துக்குள், அவர் தங்களுக்கு வேண்டும் என்று கேட்கலாம். பருவம் தொடங்கும் முன் பல அணிகள் கேட்டால், முந்தைய ஆண்டில் பின்தங்கிய அணிக்கு முதல் உரிமை. அவருடைய ஒப்பந்தம் அப்படியே கைமாறும். அவரிடம் சம்மதம் கேட்பதில்லை.

காயம்பட்டவர்களுக்கு இதிலேயே ஒரு கிளைவழி உண்டு. கோடையில் ஓர் அணி 90 பேரை வைத்துக்கொள்ளலாம். ஆட முடியாத ஓர் இளைஞன் அதில் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பான். அந்த இடம் வேண்டுமென்றால், காயம்பட்டவர் என்ற குறிப்போடு அவனை வேவரில் விட வேண்டும். ஒரு நாள் போகும். யாரும் கேட்காவிட்டால் அவன் பழைய அணியின் காயப் பட்டியலுக்குத் திரும்பிவந்துவிடுவான், 90-இல் ஓர் இடமும் காலியாகிவிடும். மற்ற அணிகளும் நாளைக்கு இதே வழியில்தான் போக வேண்டும் என்பதால், இப்படி விடப்படுபவரைக் கேட்பதில்லை என்பது எழுதப்படாத வழக்கம். அதைக் கனவான்களின் உடன்பாடு என்று அமெரிக்கர்கள் சொல்வார்கள்.

அந்த ஜூனில் ஜயன்ட்ஸ் பாலர்டை அப்படித்தான் விட்டது. பேட்ரியாட்ஸ் கேட்டு வாங்கிக்கொண்டது. சூப்பர் பவுலில் தோற்ற அணி என்பதால் கேட்கக்கூடிய அணிகளின் வரிசையில் அதற்குக் கடைசி இடம். அதாவது முன்னே நின்ற 30 அணிகளும் கேட்காமல் நகர்ந்திருக்கின்றன. ஜயன்ட்ஸ் பயிற்சியாளர் டாம் காஃப்லின் தன் வருத்தத்தை மறைக்கவில்லை. பேட்ரியாட்ஸின் பயிற்சியாளர் பில் பெலிசெக் அவருக்கு அந்நியரும் இல்லை. இருவரும் ஒரு காலத்தில் ஜயன்ட்ஸில் பில் பார்செல்ஸின் கீழ் உதவிப் பயிற்சியாளர்கள். 1991 ஜனவரியில் சூப்பர் பவுல் வென்ற அணியில் ஒன்றாக இருந்தவர்கள். கூட வேலை பார்த்தவனே இப்படிச் செய்தானே என்ற கசப்பு அதில் இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

தபால்காரர் இதையெல்லாம் எனக்கு விளக்கிக்கொண்டிருக்கையில், பக்கத்துக் கட்டிலில் ஈக்வடாரிலிருந்து வந்த கூரைத் தொழிலாளி ஒருவர் படுத்திருந்தார். ஏணியிலிருந்து விழுந்து அதே ஏ.சி.எல். அறுந்தவர். அறுவை முடிந்து ஏழாவது வாரம். அவருடைய மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்று நான் பிளாஸ்டிக் கோணமானியை வைத்து அளந்துகொண்டிருந்தேன். 112. போன வாரத்தைவிட நான்கு பாகை கூடுதல். அதைச் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர்களுக்கு அந்தக் காலைப் பற்றித் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாமல் என்ன? நாடே பார்த்தது" என்றார் தபால்காரர்.

"தெரிந்துமா கேட்டார்கள்?"

தபால்காரர் அந்தக் கேள்வியை வேறு விதமாக எடுத்துக்கொண்டு, பேட்ரியாட்ஸின் அநியாயத்தை மேலும் விரித்தார். நான் கோணமானியைக் கையில் வைத்தபடி நின்றேன். கூரைத் தொழிலாளியின் முதலாளி, குணமானதும் வா, உன் இடம் அப்படியே இருக்கும் என்று சொல்லியிருந்தார். அவர் இடத்தில் வேறு ஆள் ஏணி ஏறத் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அதை அவரே முந்தின வாரம் என்னிடம் சொல்லியிருந்தார்.

அன்று எனக்குத் தோன்றியதை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. அந்த உடன்பாடு இரண்டு முதலாளிகளுக்கு இடையிலான மரியாதை. யாருடைய மூட்டைப் பற்றிய பேச்சோ, அவன் அந்த உடன்பாட்டில் இல்லை. ஜயன்ட்ஸ் கெட்ட எண்ணத்தோடு அவரை விட்டது என்று நான் சொல்லவில்லை. திரும்ப வந்துவிடுவார் என்று நம்பித்தான் விட்டார்கள். ஆனால் அவரை இழக்கவே கூடாது என்றிருந்தால் 90 இடங்களில் ஒன்றை அவருக்காக ஒதுக்கி வைத்திருக்கலாம். அதே சூப்பர் பவுலில் ஏ.சி.எல். அறுந்த இன்னொரு டைட் எண்ட் டிராவிஸ் பெக்கம் அணியிலேயே இருந்தார். அந்த ஓர் இடம்தான் பாலர்டுக்கு அன்று வைத்த விலை. வேறு யாரும் கேட்க மாட்டார்கள் என்ற துணிவில் அந்த இடத்தை மிச்சம் பிடித்தார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து அதே துணிவை நான் நேரில் பார்த்தேன்.

2015-இல் வேறொரு கிளினிக்கில் இருந்தேன். ஒரு பிற்பகல், பக்கவாதத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த கனத்த உடம்புக்காரர் ஒருவர், இணைகம்பிகளுக்கு நடுவே நடக்கும்போது சரிந்தார். இடுப்புப் பட்டையைப் பிடித்து அவரைத் தாங்கினேன். அவர் பத்திரமாக உட்கார்ந்துவிட்டார். என் வலது தோளுக்குள் துணி கிழிவது போல ஒரு சத்தம் கேட்டது. கேட்டது என்பதைவிட உணர்ந்தேன் என்பதே சரி. ஸ்கேனில் தோளின் தசைநார் பாதி கிழிந்திருந்தது.

கை தூக்காமல் செய்யும் வேலை கொடுங்கள், குறிப்பு எழுதுகிறேன், மூட்டு நோயாளிகளை மட்டும் பார்க்கிறேன் என்று கேட்டேன். நிர்வாகி இனிமையானவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லித்தான் பேசினார். ஊதியமில்லா விடுப்பில் இருங்கள், கை சரியானதும் வாருங்கள், உங்கள் இடம் எங்கேயும் போகாது என்றார். பிறகு, ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "இந்தத் தோளோடு உங்களை வேறு யாரும் கூப்பிடப் போவதில்லையே" என்றார். நான் எச்-1பி என்ற வேலை விசாவில் இருந்தேன். அவர்கள் மனுச் செய்து வாங்கிய விசா. அந்த வட்டாரத்தில் ஒருவர் விசா எடுத்த ஆளை மற்றவர் கூப்பிடுவதில்லை என்ற பேசாத ஒப்பந்தம் இருந்தது எல்லோருக்கும் தெரியும். வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் அந்த இனிமையான வாக்கியத்துக்குள் அடங்கிப்போயின. காரில் வந்து உட்கார்ந்து, இடது கையால் சாவியைப் போட முயன்றபோதுதான் அழுதேன்.

பத்து நாள் கழித்து, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த சிறிய கிளினிக்கின் உரிமையாளர் தொலைபேசியில் அழைத்தார். அவரும் பிசியோதெரபிஸ்ட். எங்களிடமிருந்து அவரிடம் போன ஒரு நோயாளி என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவர் மேலே பேசுவதற்குள் நான் முந்திக்கொண்டேன்: எனக்குத் தோளில் கிழிசல், வலது கை தோளுக்கு மேல் எழாது, குறைந்தது மூன்று மாதம்.

"தெரியும். அதனால்தான் இப்போதே அழைக்கிறேன். குணமான பிறகு அவர்கள் உங்களை விட மாட்டார்கள்" என்றார்.

புதிய நிறுவனம் மனுத் தாக்கல் செய்துவிட்டால் எச்-1பியில் இருப்பவர் முடிவுக்காகக் காத்திராமல் அங்கே வேலையில் சேரலாம். பழைய நிறுவனத்தின் அனுமதி வேண்டியதில்லை. என்னிடம் சம்மதம் கேட்டார்கள், நான் சரி என்றேன். பாலர்டுக்கு அந்த ஒரு சொல் வாய்க்கவில்லை. தேர்வில் யாரும் தொடாத தன்னை எடுத்து வளர்த்த அணியிலிருந்து, தான் தோற்கடித்த அணிக்கு, ஊன்றுகோல் காலம் முடிந்த சில மாதங்களில் மாசசூசெட்ஸுக்குப் போக வேண்டியிருந்தது. அதை நினைக்கும்போது என் கதையையும் அவர் கதையையும் ஒன்றாக வைக்க எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது.

அவருடைய கால் முழுதாகத் திரும்பவில்லை. 2012 பருவம் முழுவதும் ஆடாமல் பேட்ரியாட்ஸிலேயே இருந்தார். 2013-இல் பருவம் தொடங்கும் முன் அவரை விடுவித்துவிட்டார்கள். பிறகு அரிசோனா கார்டினல்ஸில் சில ஆட்டங்கள், 2014-இல் ஓய்வு. அவரைக் கேட்டது வீண் என்று தபால்காரர் சொல்லியிருப்பார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மைக்ரோஃப்ராக்சர் செய்த மூட்டுக்கு ஓராண்டுக்கு மேல் அவகாசம் கொடுத்து, அது வருமா என்று பார்க்க ஓர் இடம் சம்பளத்தோடு காத்திருந்தது. என்னிடம் வரும் தொழிலாளர்களில் எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது? அந்தக் கூரைத் தொழிலாளி 135 பாகை மடக்கும் நிலையில் எங்களிடமிருந்து விடைபெற்றார். ஏணி ஏறும் கால்தான் அது. அவரைக் கேட்டு யாரும் வரவில்லை. ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டும் வேலைக்குப் போனார்.

நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் நான் சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை. முதல் நோயாளிக்கு நீலநிற ரப்பர் பட்டை வேண்டியிருந்தது. எல்லாக் கிளினிக்குகளிலும் அந்தச் சுருள்களைச் சுவரின் உச்சியில் ஒரு கம்பியில் கோத்து வைத்திருப்பார்கள், இழுத்து வெட்டிக்கொள்ள வசதியாக. வழக்கம் போல நிமிர்ந்து பார்த்தேன். மேலே நான்கு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன, ஓரங்களில் சுண்ணாம்பு உதிர்ந்து, புதிதாக. கம்பி என் இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருந்தது.