புனைமொழிக்கு ஒலி மட்டும் போதாது

புதிதாக ஒரு மொழியைப் புனைய முற்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் ஒலியில்தான் கை வைக்கிறார்கள். கேட்டவுடன் அந்நியமாகத் தோன்ற வேண்டும் என்ற ஆசை இருக்கும்போது அது இயல்புதான். ஆனால் ஒலியை மாற்றுவது எளிது, இலக்கணத்தை மாற்றுவதுதான் கடினம் என்பதும், ஒரு மொழி புதியதா இல்லையா என்பது இலக்கணத்தில்தான் தெரியவரும் என்பதும் என் உறுதியான எண்ணம். கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழையும் மலையாளத்தையும் ஒரே நாளில் மாறி மாறிப் பேசுகிறவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கேரளத்தில் மூலபத்ரி என்றொரு மறைமொழி இருந்திருக்கிறது. மார்த்தாண்ட வர்மா காலத்துத் திருவிதாங்கூரில் ஒற்றர்கள் அதில் பேசிக்கொண்டதாகச் சொல்வார்கள். அதன் விதி, எழுத்துகளை இணை இணையாக இடம் மாற்றுவது: பகரத்துக்குத் தகரம், டகரத்துக்குச் சகரம், மகரத்துக்கு நகரம், அவற்றுக்கு மறுதலையாகவும் அப்படியே. அந்தக் கணக்கில் 'படம்' என்பது 'தசன்' என்று ஆகிவிடும். வேகமாகப் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் புரியாது. ஆயினும் வேற்றுமை உருபு வர வேண்டிய இடத்தில்தான் வரும், இறந்தகாலம் இறந்தகாலமாகவே நிற்கும், சொற்களின் வரிசையும் மாறாது. நம் பிள்ளைகள் ஒவ்வோர் எழுத்துக்கு முன்னும் 'க' சேர்த்துப் பேசும் விளையாட்டு மொழியும் இந்த வகைதான். இரண்டும் பழைய மொழிக்குப் போட்ட வேடங்களே.

இதற்கு நேர் எதிரான முயற்சி எஸ்பெராண்டோ என்னும் புனைமொழி. போலந்து, ரஷ்ய, ஜெர்மன், யித்திய மொழிகள் ஒருங்கே புழங்கிய பியாவிஸ்டோக் நகரில் 1859-இல் பிறந்த சாமன்ஹாஃப் என்னும் கண் மருத்துவர், 1887-இல் வார்சாவில் அதன் முதல் நூலை வெளியிட்டார். அதில் இருந்த இலக்கண விதிகள் மொத்தம் 16. பெயர்ச்சொல் எல்லாம் ஓகாரத்தில் முடியும், பெயரடை ஆகாரத்தில் முடியும், வினைக்கு நிகழ்காலம் 'அஸ்', இறந்தகாலம் 'இஸ்', எதிர்காலம் 'ஓஸ்'. நான், நீ, அவன், அவள், அவர்கள் என்று எழுவாய் எதுவானாலும் வினைமுற்று மாறாது. தமிழை மட்டும் அறிந்த ஒருவருக்கு இது குறைபாடாகத் தோன்றலாம், ஏனெனில் வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று வினையே ஆளைக் காட்டிவிடும் மொழி நம்முடையது. ஆனால் எல்லையைத் தாண்டிச் சந்தைக்குப் போகிற எவருக்கும் 'அவன் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு' என்பது அன்றாட வழக்கு. பழைய மலையாளத்தில் இருந்த பால் காட்டும் விகுதிகள் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டன, அதனால் யாருக்கும் பேச்சு தடைப்படவில்லை. தமிழிலும் 'நான் வரவில்லை, அவள் வரவில்லை, அவர்கள் வரவில்லை' என்னும்போது அதே வசதியை நாம் நாள் முழுவதும் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறோம். சாமன்ஹாஃப் செய்தது, எதிர்மறையில் நமக்கு இருக்கும் எளிமையை வினை முழுவதற்கும் விரித்ததுதான்.

அவருடைய இன்னொரு முடிவை நான் மனமாரப் பாராட்டுகிறேன். செயப்படுபொருளின் முடிவில் 'ன்' சேர்க்க வேண்டும் என்று அவர் விதித்தார். 'லா ஹுண்டோ மோர்டாஸ் லா காடோன்' என்றால் நாய் பூனையைக் கடிக்கிறது. 'லா காடோன் மோர்டாஸ் லா ஹுண்டோ' என்று வரிசையை மாற்றினாலும் கடிபடுவது பூனைதான். நம் இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' செய்யும் வேலை இதுவே. ஆயினும் நம்மிடம் ஒரு நுட்பம் கூடுதலாக உண்டு. 'புத்தகம் படித்தேன்' என்பதற்கும் 'புத்தகத்தைப் படித்தேன்' என்பதற்கும் வேறுபாடு இருக்கிறது, குறிப்பிட்ட ஒன்றைச் சொல்லும்போதுதான் உருபு வருகிறது. மலையாளத்தில் 'புஸ்தகம் வாயிச்சு' என்பதே பெரும்பாலும் போதும், ஆனால் குழந்தையைக் கண்டதாகச் சொல்ல 'குட்டியெ கண்டு' என்று உருபு வந்தாக வேண்டும். உயிருள்ளதற்கு ஒரு வழக்கு, உயிரற்றதற்கு ஒரு வழக்கு. எஸ்பெராண்டோவிலோ எங்கும் எப்போதும் 'ன்' கட்டாயம். பெயருக்கு முன்வரும் அடையும் பன்மையையும் வேற்றுமையையும் ஏற்க வேண்டும் என்று அவர் விதித்தது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 'நல்ல புத்தகங்களை' என்று ஓரிடத்தில் உருபு சேர்த்தாலே பொருள் தெளிவாக இருக்கும்போது, 'போனாயின் லிப்ரோயின்' என்று இரண்டு சொற்களிலும் அதைச் சுமக்க வைப்பது வீண் பாரம்.

அந்நியமாக ஒலிப்பதற்கென்றே உருவான மொழிகளில் கிளிங்கான் முக்கியமானது. மொழியியலாளர் மார்க் ஓக்ராண்ட் 1984-இல் வெளிவந்த ஸ்டார் டிரெக் படத்துக்காக அதை விரிவாக்கினார். நாவை மடித்து ஒலிக்கும் டகரம் அதில் உண்டு, 'பாடு' என்னும்போது நாம் ஒலிப்பது போன்றதே. ஆங்கிலம் பேசுவோருக்குப் பயிற்சி தேவைப்படும் அந்த ஒலி நமக்குப் பிறவியிலேயே வாய்த்தது. சொல் வரிசையில்தான் அவருடைய துணிவு தெரிகிறது. செயப்படுபொருள் முதலில், வினை நடுவில், எழுவாய் கடைசியில்: 'புக் லெக் யாஷ்' என்றால் குழந்தையைப் பார்க்கிறார் அதிகாரி. பிரேசிலின் ஹிஷ்கரியானா போன்ற மிகச் சில மொழிகளிலேயே அடிப்படை வரிசை இப்படி அமைந்திருக்கிறது. இருந்தும் அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதியபோது அது முறிந்து போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும், நம் கதைசொல்லிகள் அழுத்தத்துக்காக இதே வரிசையை எடுத்தாள்கிறார்கள். 2015-இல் பாகுபலி படத்துக்காக மதன் கார்க்கி அமைத்த கிளிக்கியில் 'மின்' என்றால் நான், 'நிம்' என்றால் நீ. ஒலியைத் திருப்பிப் போட்டால் பொருளும் திரும்பும் என்னும் இந்த ஏற்பாட்டில் ஒலியே இலக்கணமாகிவிடுகிறது, அது அழகு.

எனக்கு மிகவும் நெருக்கமாகத் தோன்றுவது, 2009-இல் வந்த அவதார் படத்துக்காகப் பால் ஃப்ரொம்மர் உருவாக்கிய நாவி மொழி. வல்லினத்தில் ப, த, க உண்டு, அவற்றின் அதிர்வொலி வடிவங்கள் (b, d, g) தனி ஒலிகளாக இல்லை. 'நீ' என்பதற்கான சொல் 'ஙா'. ஙகரம் மொழிமுதலில் வராது என்று தொல்காப்பியம் படித்தவர் தயங்கலாம், ஆனால் மலபார்ப் பேச்சில் 'நிங்ஙள்' என்பது 'ங்ஙள்' என்று தேய்ந்து ஒலிப்பதைக் கேட்டவருக்கு நாக்கு தானாகவே திரும்பும். காலமும் வினையின் நிலையும் சொல்லின் இறுதியில் ஒட்டாமல் நடுவே புகுவதுதான் நமக்குப் பழக்கமில்லாதது. 'தாரோன்' என்பது வேட்டையாடுதல், அதற்குள் 'ஓல்' புகுந்து 'தோலாரோன்' ஆனால் வேட்டை முடிந்துவிட்டது என்று பொருள். ஆயினும் கேட்பவரைச் சேர்த்து ஒரு 'நாம்', சேர்க்காமல் ஒரு 'நாங்கள்' என்னும் பிரிவு அதில் இருக்கிறது. இருவருக்கும் மூவருக்கும் தனித்தனி வடிவங்களும் உள்ளன. தமிழிலும் மலையாளத்தின் 'நம்மள், ஞங்ஙள்' வழக்கிலும் உள்ள இந்தப் பிரிவு எஸ்பெராண்டோவில் இல்லை. 'நி இரோஸ்' (போவோம்) என்று ஒருவர் சொன்னால், உடன் புறப்பட வேண்டுமா, வீட்டிலேயே இருக்க வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கொங்குப் பேச்சில் இன்னொன்று உண்டு, நான் பார்த்த புனைமொழிகளில் அதற்கு நிகர் காணவில்லை. 'பஸ் போயிருச்சுங்க', 'அவன் வந்தானுங்க' என்னும்போது 'ங்க' என்ற விகுதி பஸ்ஸுக்கோ வந்தவனுக்கோ தரும் மரியாதை அன்று, கேட்டுக்கொண்டிருப்பவருக்குத் தரும் மரியாதை. வாக்கியத்தில் இடமே இல்லாத ஒருவர் வினைமுற்றின் கடைசியில் வந்து அமர்ந்துகொள்கிறார். இதையே முதுகெலும்பாகக் கொண்டு ஒரு சிறு மொழியின் வினைப் பகுதியை எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செய்தவரின் பாலும் எண்ணும் வினையில் தெரியாது, 'வரவில்லை' போல எல்லாருக்கும் ஒரே வடிவம். கேட்பவர் மூத்தவரா, சமவயதினரா, குழந்தையா என்பதற்கு மூன்று விகுதிகள், அவற்றை விடக் கூடாது. எல்லா வயதினரும் இருக்கும் கூட்டத்தில் எதைச் சேர்ப்பது என்ற சிக்கலுக்கு இப்போதைக்கு மூத்தவருக்கான விகுதியையே பொதுவாக வைத்திருக்கிறேன், எங்கள் ஊரில் மேடையேறிப் பேசுகிறவர்கள் செய்வதும் அதுதான்.