பதினொரு டிகிரி தண்ணீர்

2013 அக்டோபர் 21ஆம் தேதி காலை தங்கும் விடுதியின் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன், எதிரே இருக்க வேண்டிய கட்டடத்தைக் காணவில்லை. முந்தின நாள்தான் வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகரம் முழுவதற்குமான வெப்பமூட்டும் அமைப்பு அந்த ஆண்டுக்கு முதல் முறையாக இயங்கத் தொடங்கியிருந்தது, அந்த நிலக்கரிப் புகையும் அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் எரித்த புகையும் காற்றே இல்லாத குளிரில் அப்படியே ஊர்மேல் உட்கார்ந்துவிட்டது. பள்ளிகளை மூடினார்கள், விமான நிலையத்தை மூடினார்கள், பேருந்து ஓட்டுநர்களுக்கே வழி தெரியாமல் போனது. நான் வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பினாங்கிலிருந்து கிளம்பும்போது அம்மா கட்டாயப்படுத்திப் பெட்டியில் வைத்த கம்பளிச் சால்வையை மூக்கில் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

வேலை என்னவென்றால், மின் நிலையங்களுக்கான பாய்லர் பாகங்களைப் பரிசோதிப்பது. வாங்குகிறவர் தரப்பில் நின்று, வெல்டிங் சரியா, எக்ஸ்ரே படத்தில் ஓட்டை தெரிகிறதா, அழுத்தச் சோதனையில் கசிகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தொழிற்சாலை இருந்தது சியாங்ஃபாங் மாவட்டத்தில். 1950களில் சோவியத் உதவியோடு சீனா கட்டிய 156 பெரிய திட்டங்களில் 13 இந்த ஒரு ஊருக்கு வந்தன. பாய்லர், டர்பைன், ஜெனரேட்டர் என்று மூன்று பெரிய ஆலைகள் ஒரே பகுதியில் எழுந்ததால் அந்த வட்டாரத்துக்கே முன்பு ‘மின்விசை மாவட்டம்’ என்றுதான் பெயர், 2006இல்தான் சியாங்ஃபாங்கோடு சேர்த்தார்கள். எங்களுடையது அந்தப் பெரிய ஆலைகளில் ஒன்றல்ல, அவற்றின் நிழலில் வளர்ந்த நடுத்தரப் பட்டறை.

அங்கே பொறியாளர்களைக் குடும்பப் பெயரோடு ‘கோங்’ சேர்த்துக் கூப்பிடுவார்கள், அனுபவப்பட்ட தொழிலாளியை ‘ஷிஃபு’ என்பார்கள். நம் ஊரில் மேஸ்திரி என்று சொல்லும்போது வரும் மரியாதை அதில் இருக்கும், கூடவே ஆசான் என்ற அர்த்தமும் உண்டு. அழுத்தச் சோதனைப் பிரிவில் இருந்த ஷிஃபுவுக்கு அப்போது 57 வயது. அவருடைய அப்பா ஷாண்டோங்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர், ஆலைகள் கட்டும்போது மண் சுமந்தவர். இந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடமிருந்து வந்தது, மீதிப் பாதி அவர் சொன்னதை நம்பாமல் நானே தேடிப் படித்தது, தேடிப் படித்ததில் பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது.

இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது என்று முதலில் விளங்க வைத்தவர் அவர்தான். மதிய உணவு நேரத்தில் இரும்புத் தகட்டின் மேல் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டார். அது சோங்ஹுவா ஆறு. தெற்கே கொரிய எல்லையில் சாங்பாய் மலையுச்சியிலுள்ள எரிமலை ஏரிப் பக்கமிருந்து கிளம்பி வடமேற்காகப் போகிறது, வடக்கேயிருந்து வரும் நென் ஆற்றைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வடகிழக்காக ஓடுகிறது, ஹார்பினைக் கடந்து தோங்ஜியாங் அருகே அமூர் ஆற்றில் கலக்கிறது. அதன் குறுக்கே இன்னொரு கோடு போட்டார், அது ரயில். சைபீரியாவின் சீத்தாவிலிருந்து விளாதிவாஸ்தோக்குக்கு ரஷ்ய மண்ணிலேயே சுற்றிப் போகாமல் சீனாவின் வடகிழக்குப் பகுதியான மஞ்சூரியாவுக்குள் குறுக்கே போக ரஷ்யா 1896இல் சீனாவிடம் உரிமை வாங்கியது. அந்தப் பாதை ஆற்றைக் கடக்கும் இடம் இதுதான். தண்டவாளமும் மரமும் அமூர் வழியாக நீராவிப் படகில் வந்து இறங்கியதும் இங்கேதான். 1898இல் வேலை ஆரம்பித்தது, அப்புறம் தெற்கே கடல் வரை இன்னொரு கிளை, ஆக மூன்று திசைக்கும் இங்கிருந்துதான் ரயில். அதற்கு முன் இங்கே இருந்தவை சில மீனவக் குடியிருப்புகள். ஹார்பின் என்றால் மஞ்சு மொழியில் வலை காயப்போடும் இடம் என்று ஷிஃபு சொன்னார், அந்த ஊரில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், மொழியறிஞர்கள் அதை ஒருமனதாக ஏற்கவில்லை.

ஊரின் பழைய பகுதிகளின் பெயர்களிலேயே அந்தத் தண்டவாளம் இருக்கிறது. தாவ்லி என்றால் பாதைக்கு உள்ளே, தாவ்வாய் என்றால் பாதைக்கு வெளியே. உள்ளே ரஷ்யர்களின் படகுத்துறைப் பட்டணம், கருங்கல் பாவிய பெரிய வீதி, வெங்காயக் குமிழ்க் கூரை வைத்த சோபியா தேவாலயம், இப்போது நிற்கும் அந்தக் கட்டடம் 1932இல் முடிந்தது. வெளியே, ஃபூஜியாதியான் என்ற பெயரில், கூலி வேலைக்கு வந்த சீனர்களின் நெரிசல் ஊர். 1917 புரட்சிக்குப் பிறகு ஓடி வந்தவர்களோடு சேர்ந்து 1920களில் இங்கே ஒரு லட்சத்துக்கும் மேல் ரஷ்யர்கள் இருந்தார்கள், அவர்களில் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள். சொற்கள் மட்டும் தங்கிவிட்டன. தலையணை அளவு கறுப்பு ரொட்டியை ‘தாலியேபா’ என்கிறார்கள், அந்த ‘லியேபா’ ரஷ்ய மொழியின் ஹ்லேப்தான். பட்டறையில் ஷிஃபு வாளியைக் கேட்கும்போது சீனச் சொல்லைச் சொல்ல மாட்டார், ‘வெய்தலோ’ என்பார், ரஷ்யர் சொன்ன வெத்ரோ அது. பட்டறையிலிருந்த இளைஞர்களுக்கு அந்தச் சொல்லே தெரியவில்லை.

டிசம்பரில் ஆறு இறுகிவிட்டது. காற்றில் மைனஸ் 25, மைனஸ் 28 என்று போகும். வெயிலில் பிறந்து வளர்ந்த எனக்கு ஒரு பெரிய ஆற்றின் மேல் செருப்புச் சத்தத்தோடு நடப்பது என்பது இன்றைக்கு நினைத்தாலும் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது. நடு ஆற்றில் பாளம் பாளமாகப் பனிக்கட்டியை அறுத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள், வடகரையில் ஆண்டுதோறும் கட்டும் பனி மாளிகைகளுக்கு. வேலை செய்தவர்களில் பலர் குளிர்காலத்தில் வயல் வேலை இல்லாத விவசாயிகள். அறுத்து வெளியே எடுத்த பாளம் பச்சையும் நீலமுமாக, உள்ளே சின்னக் குமிழ்களோடு, கண்ணாடி போல இருந்தது. நான் வெல்டிங்கில் தேடித் திரியும் அதே வகைக் குமிழ்கள்.

சரி, தலைப்பில் சொன்ன தண்ணீருக்கு வருகிறேன்.

ஜனவரி நடுவில் ஒரு ஹெடருக்கு அழுத்தச் சோதனை. ஹெடர் என்பது பாய்லரின் நூற்றுக்கணக்கான குழாய்கள் வந்து சேரும் தடித்த பெரிய குழாய். அதில் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு ஏற்றி, பிடித்து வைத்துப் பார்ப்போம். தண்ணீர் 20 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது விதி. எஃகு குளிர்ந்தால் அதன் குணம் மாறுகிறது, வளைந்து கொடுக்க வேண்டியது கண்ணாடி மாதிரி பட்டென்று பிளக்கலாம். நான் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன், பதினொன்று. நிறுத்தச் சொன்னேன். உற்பத்தி மேலாளர் கோபப்பட்டார், அவருக்குக் கப்பல் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் தண்டம் உண்டு. முந்தைய இரண்டு ஹெடர்களின் அறிக்கைகளைக் காட்டி, அவை எல்லாம் 21 டிகிரியில் முடிந்ததாகக் கையெழுத்து இருக்கிறதே என்றார். அந்தக் கையெழுத்து என்னுடையது. அந்த இரண்டு முறையும் நான் அழுத்தமானியை மட்டும் பார்த்தேன், வெப்பநிலைக்கு அவர்கள் எழுதி வைத்திருந்த எண்ணை அப்படியே நம்பினேன்.

அன்று இரவு எங்கள் நிறுவனத்திலிருந்தும் தொலைபேசி வந்தது, கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லி. தூங்கவில்லை. மறுநாள் காலை மூன்று ஹெடர்களையும் திரும்பச் சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன், முதல் இரண்டும் என் தவறு என்றும் அதிலேயே எழுதினேன். பட்டறையில் யாரும் என்னோடு பேசவில்லை. ஷிஃபு மட்டும் வெந்நீர்க் குழாயை இழுத்து வந்து தொட்டியில் போட்டார். தண்ணீர் சூடாக இரண்டு நாள் ஆயிற்று.

அந்த இரண்டு நாளில்தான் அவர் 2005ஐப் பற்றிச் சொன்னார். நவம்பர் 13ஆம் தேதி, ஆற்றின் மேல்பக்கம் சுமார் 380 கிலோமீட்டர் தள்ளி ஜிலின் நகரில் ஒரு வேதியியல் ஆலை வெடித்தது. ஏறக்குறைய 100 டன் பென்சீனும் அதன் இனப் பொருள்களும் ஆற்றில் இறங்கின. ஹார்பின் மக்களுக்கு அது தெரியாது. ஒரு வாரம் கழித்து நகர நிர்வாகம் குழாய்ப் பராமரிப்புக்காகத் தண்ணீரை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பராமரிப்புக்கு ஏன் ஊர் முழுவதும் நிறுத்த வேண்டும், பூகம்பம் வரப்போகிறதா என்று பேச்சு கிளம்பியது, கடைகளில் தண்ணீர்ப் புட்டிகள் காலி. அதற்குப் பிறகுதான் உண்மையான காரணத்தைச் சொன்ன அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ 40 லட்சம் பேர் நான்கு நாள் குழாய்த் தண்ணீர் இல்லாமல் இருந்தார்கள். நஞ்சு ஊரைக் கடந்து போன பிறகு மாகாண ஆளுநர் முதல் குவளைத் தண்ணீரைக் குடித்துக் காட்டினார். அப்புறம் அது அமூரில் சேர்ந்து ரஷ்யாவின் கபரோவ்ஸ்க் பக்கம் போனது. இப்போது ஹார்பினின் குடிநீர் வேறு இடத்து மோபான்ஷான் நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. ஷிஃபு குளியல் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்து, மகளுக்கு அளந்து அளந்து கொடுத்தாராம். நஞ்சு வந்ததைவிட முதலில் ‘பராமரிப்பு’ என்று சொன்னதுதான் அவருக்கு இன்னமும் ஆறவில்லை. என் காகிதத்தில் இருந்த 21ஐ நினைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆற்றில் நஞ்சு வந்தது போல, அதற்குச் சுமார் நூறு ஆண்டு முன்னால் ரயிலில் நோய் வந்தது. இது எனக்கு ஊரிலேயே தெரிந்திருக்க வேண்டிய கதை. 1910 குளிர்காலத்தில், தோலுக்காக மர்மோட் என்ற வளைவாழ் பிராணியைப் பிடிக்கப் போனவர்களிடம் தொடங்கிய நுரையீரல் பிளேக், எல்லை ஊரான மான்சோலியிலிருந்து தண்டவாளம் வழியாக ஹார்பினுக்கு வந்தது. சீன அரசு அனுப்பிய மருத்துவர் வூ லியன் தே. பினாங்கில் பொற்கொல்லர் ஒருவரின் மகனாக 1879இல் பிறந்தவர், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்துக் கேம்பிரிட்ஜ் போனவர். என் அப்பாவும் அதே பள்ளிதான். தாவ்வாயில் அவருக்கு ஒரு நினைவகம் இருப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

வூ அங்கே போய்ப் பிணப் பரிசோதனை செய்து, இது எலியாலோ தெள்ளுப்பூச்சியாலோ பரவவில்லை, மனிதர் மூச்சால் பரவுகிறது என்றார். பஞ்சை நடுவில் வைத்து மெல்லிய துணியால் முகக்கவசம் செய்து எல்லோரையும் கட்டிக்கொள்ளச் சொன்னார். அவரைவிட அனுபவம் மிகுந்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அதை ஏற்காமல் கவசமில்லாமல் நோயாளிகளைப் பார்த்தார், சில நாளிலேயே பிளேக்கில் இறந்தார். ரஷ்ய ரயில்பெட்டிகளை இரவல் வாங்கி, நோயாளிகளோடு பழகியவர்களை அவற்றில் தனியே வைத்தார்கள். மண் கல்லாக உறைந்து குழி தோண்ட முடியாததால் பிணங்கள் வெளியில் குவிந்து கிடந்தன, அரண்மனையின் அனுமதி வாங்கி 1911 ஜனவரி 31இல் 2,000க்கும் மேற்பட்ட உடல்களை எரித்தார்கள். முன்னோரைப் புதைப்பதைப் புனிதமாக நினைக்கும் நாட்டில் அந்த அனுமதியைக் கேட்பதற்கே எவ்வளவு துணிவு வேண்டும். மார்ச் முதல் நாளோடு ஹார்பினில் நோய் நின்றது. மஞ்சூரியாவில் சுமார் 60,000 பேர் போனார்கள். வூ 1937இல் மலாயாவுக்குத் திரும்பி ஈப்போவில் சாதாரண மருத்துவராக இருந்து, 1960இல் பினாங்கில் காலமானார். அவர் ஹார்பினுக்கு வந்தபோது வயது 31. எனக்கும் அப்போது 31.

இதே ஊரில் மருத்துவம் நேர் எதிராகவும் நடந்தது. தெற்கே பிங்ஃபாங்கில் ஜப்பானிய ராணுவத்தின் 731 பிரிவு உயிரோடு இருந்த மனிதர்கள்மேல் நோய்க்கிருமிகளைச் சோதித்தது. அந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிறு போனேன். அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

மூன்று ஹெடர்களும் சோதனையில் தேறின. முதல் இரண்டும் தேறியதால் நான் வீணாகக் கெடுபிடி செய்ததாகச் சிலர் சொன்னார்கள், சொல்லட்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் வெப்பமானியை நானே எடுத்துப் போனேன், ஷிஃபுவும் பக்கத்தில் வந்து நின்று எண்ணைச் சத்தமாகப் படிப்பார்.

ஏப்ரலில் ஆறு திறக்கும். அதற்கு அங்கே இரண்டு பெயர் உண்டு. பனி அமைதியாக உருகிப் போனால் ‘வென்’ திறப்பு, புலவர் திறப்பு என்று வைத்துக்கொள்ளலாம். பாளங்கள் மோதி உடைந்து இரைச்சலோடு போனால் ‘வூ’ திறப்பு, வீரர் திறப்பு. பட்டறையில் அந்த வருடம் எது என்று பந்தயம் கட்டினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷிஃபு என்னைக் கரைக்கு அழைத்துப் போனார். அங்கே 1957 வெள்ளத்தை நகரம் தாங்கியதன் நினைவாக அடுத்த ஆண்டு எழுப்பிய தூண் நிற்கிறது. அதன் அடியில் மூன்று வெள்ளங்களின் நீர்மட்டம் குறித்திருக்கிறார்கள்: 1932இல் 119.72 மீட்டர், 1957இல் 120.30, 1998இல் 120.89. ஐம்பத்தேழில் அவருடைய அப்பா மண் சுமந்தார், தொண்ணூற்றெட்டில் அவரே மூன்று இரவு மணல் மூட்டை அடுக்கினார். கடைசி எண்ணின் மேல் கையுறையோடு கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

அந்த வருடம் புலவர் திறப்புதான். சாம்பல் நிறப் பாளங்கள் சத்தமில்லாமல் பழைய ரயில் பாலத்தின் தூண்களுக்கு நடுவே கிழக்கே போய்க்கொண்டிருந்தன. 1901இல் கட்டிய பாலம், அந்த வருடம்தான் அதில் ரயில் விடுவதை நிறுத்தினார்கள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஷிஃபு சொன்னார்: “திங்கட்கிழமை ஏழாம் எண் ஹெடர். குழாய்த் தண்ணீர் இன்னும் குளிராகத்தான் வரும். நான் விடியற்காலை ஐந்துக்கே வந்து தொட்டியைச் சூடாக்கிவிடுகிறேன், நீங்கள் எட்டுக்கு வந்தால் போதும்.”

நானும் ஐந்துக்கே போனேன்.