எதிர்வீட்டு ஆச்சியின் புளியும் திருச்சி விமான நிலையமும்

எங்கள் பக்கத்தில் ஒருவர் சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ போகிறார் என்றால் அவருடைய பெட்டியில் பாதி இடம் ஊராருக்குச் சொந்தம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. போகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள், வருகிறவர் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். ஆத்தாவை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரில் இருக்கும் தம்பி வீட்டுக்கு நான் டிக்கெட் எடுத்த செய்தி கோட்டையூரில் பரவியதும், வளவில் பொட்டலங்கள் சேரத் தொடங்கின. சீப்புச் சீடை, மணகோலம், மாவடு ஊறுகாய், நெய், இட்லிப் பொடி. எதிர்வீட்டு ஆச்சி கொட்டை நீக்கி, வெயிலில் வைத்து, கைபடப் பிசைந்து கட்டியாக்கிய புதுப்புளியைக் கொண்டுவந்தார். கூடவே, பேத்தி வீட்டுச் சாமி அறைக்கென்று, நாள் முழுவதும் மந்திரம் ஒலிக்கும் சிறிய பாட்டுப் பெட்டி ஒன்று.

நான் ஒரு நிபந்தனை வைத்தேன். டேப் போட்டு ஒட்டிய பொட்டலம் எதையும் வாங்க மாட்டேன். எல்லாவற்றையும் திறந்தபடி கொண்டுவர வேண்டும். நானே பார்த்து, நானே கட்டுவேன். ஆத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. "நாலு தலைமுறையாகப் பழகிய வீடுகள். அவர்கள் கொடுத்ததைப் பிரித்துப் பார்த்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?" என்றார். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆத்தாவைச் சமாதானப்படுத்த ஒரு கதை சொன்னேன். நடந்த கதை. 1986 ஏப்ரல் 17, லண்டன் ஹீத்ரோ. இஸ்ரேல் விமானத்தில் டெல் அவிவ் போக ஓர் அயர்லாந்துப் பெண் வந்தாள். கர்ப்பிணி. அவளை மணந்துகொள்வதாகச் சொன்ன நெசார் ஹிந்தாவி என்பவன் பை ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தான். விமான நிலையத்தின் எக்ஸ்ரேயை அந்தப் பை கடந்துவிட்டது. இஸ்ரேல் விமான நிறுவனத்தின் காவலர்கள்தான் அவளை உட்காரவைத்துப் பேசினார்கள். யார் பையைக் கொடுத்தது, அங்கே எங்கே தங்கப்போகிறாய் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். பையில் இருந்ததையெல்லாம் எடுத்த பிறகும் அதன் கனம் குறையவில்லை. அடித்தட்டைப் பிரித்தபோது சுமார் ஒன்றரைக் கிலோ செம்டெக்ஸ் என்ற பிளாஸ்டிக் வெடிமருந்து இருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வயிற்றுப் பிள்ளையோடு அவளையும் சேர்த்தே கொல்லப் பார்த்திருக்கிறான். ஹிந்தாவிக்கு 45 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

ஆத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பாவி" என்றார். அன்று மாலை ஒரு பங்காளி வீட்டு அண்ணன் ஒட்டிய பெட்டியோடு வந்தபோது, அவரைத் திருப்பி அனுப்பியது ஆத்தாதான். அவர் கோபித்துக்கொண்டு போனார்.

மறுநாள் பிரித்தெடுக்கும் வேலை. கொப்பரைத் தேங்காய் கொண்டுவந்தவரிடம் முதலில் மறுத்தேன். பலருக்கு இது தெரிவதில்லை. காய்ந்த கொப்பரையில் எண்ணெய் அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று விமானத்துறை அதை வகைப்படுத்தியிருக்கிறது. கைப்பையிலும் வேண்டாம், பெரிய பெட்டியிலும் வேண்டாம். ஊறுகாயும் நெய்யும் பெரிய பெட்டிக்குப் போயின. செல்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க் மட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஆத்தாவின் தைலப் புட்டி 200 மில்லி, கால்வாசிதான் மீதம். இருந்தாலும் கைப்பையில் விடமாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் பார்ப்பது புட்டியின் கொள்ளளவை, உள்ளே இருக்கும் தைலத்தை அல்ல. வரம்பு 100 மில்லி. சிறிய புட்டியில் மாற்றிக் கொடுத்தேன்.

செட்டிநாட்டிலேயே இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அதில் விமானம் இறங்கப்போகிறது என்ற பேச்சும் அவ்வப்போது எழும், அடங்கும். அதுவரை எங்களுக்குத் திருச்சிதான். புதுக்கோட்டைச் சாலையிலேயே நிலையம் இருப்பதால் திருச்சி ஊருக்குள் போக வேண்டியதில்லை. வழியில் திருமயத்தில் வண்டியை நிறுத்தி, கோட்டை பைரவருக்கு ஒரு சிதறுகாய். ஆத்தாவைப் பொறுத்தவரை பாதுகாப்பு ஏற்பாடு அத்தோடு முடிந்தது.

பெட்டிகளை எடைபோட்ட இடத்தில் வழக்கமான கேள்விகளைக் கேட்டார்கள். இந்தப் பெட்டியை நீங்களே கட்டினீர்களா? வேறு யாராவது ஏதாவது கொடுத்துவிட்டார்களா? என் முன்னால் நின்றவர் கேள்வி முடிவதற்குள் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அவருடைய பெட்டியிலும் நாலு வீட்டுப் பொட்டலம் இருந்திருக்கும். நான், "அக்கம்பக்கத்தார் கொடுத்த தின்பண்டமும் புளியும் இருக்கின்றன, பிரித்துப் பார்த்து நானே கட்டினேன்" என்றேன். கேள்வி கேட்ட பெண் நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அட்டையை ஒட்டினார்.

அந்தக் கேள்வி சும்மா வந்ததில்லை. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கரைக்கு அப்பால் வெடித்துக் கடலில் விழுந்தது. 329 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. குண்டு இருந்த பெட்டியை வான்கூவரில் ஒப்படைத்த ஆள் விமானத்தில் ஏறவே இல்லை. பெட்டி மட்டும் போயிற்று. அதற்கும் முந்தைய ஆண்டு, 1984 ஆகஸ்டு 2 அன்று, நம் மீனம்பாக்கத்தில் நடந்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொழும்பு விமானத்துக்கென்று ஒப்படைக்கப்பட்ட பெட்டிகள், ஏற்றப்படாமல் நிலையத்திலேயே கிடந்து வெடித்தன. சுமார் முப்பது உயிர் போயிற்று. ஆள் ஏறாவிட்டால் அவருடைய பெட்டியையும் இறக்கிவிட வேண்டும் என்ற விதி இப்படி வந்ததுதான். யாரோ ஒருவர் வாயிலுக்கு வராததால் விமானம் தாமதமாகி, அடியில் பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கும்போது முணுமுணுக்கிறோமே, அந்த விதி.

குடியேற்றப் பிரிவுக்குப் போகும் முன்பே என் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். பெட்டியைத் திறக்க வேண்டுமாம். ஆத்தா சக்கர நாற்காலியில் இருந்தபடியே பைரவரைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

பரிசோதனை அறையில் இருந்த இளைஞர் பொறுமையானவர். திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். எக்ஸ்ரேயில் உலோகம் நீலமாகத் தெரியும். உணவு, துணி, தாள் போன்ற கரிமப் பொருள்கள் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். எங்கள் பெட்டியின் நடுவே செங்கல் அளவில் கரும் ஆரஞ்சுக் கட்டி ஒன்று. அதை ஒட்டினாற்போல் நீலத்தில் ஒரு மின்சுற்றுப் பலகை, இரண்டு கம்பிகள், வட்டமாக ஒரு ஒலிபெருக்கி. ஆச்சியின் புளி, ஆச்சியின் பாட்டுப் பெட்டி. இடம் மிச்சம் பிடிக்க ஒன்றோடொன்று நெருக்கி வைத்திருந்தேன். திரையில் பார்த்தபோது எனக்கே வயிற்றைக் கலக்கியது.

"என்னம்மா இது?" என்றார் அவர். "புளி தம்பி. பக்கத்தில் இருப்பது மந்திரம் பாடும் பெட்டி" என்றேன். தயங்காமல் சொல்ல முடிந்தது. அதைக் கட்டியது நான். ஒட்டிய பொட்டலமாக வாங்கியிருந்தால் அங்கே என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் தெரியவில்லை.

பிளாஸ்டிக் வெடிமருந்து ஏன் இத்தனை தலைவலி என்பது அந்தத் திரையைப் பார்த்தால் விளங்கும். அதில் உலோகம் இல்லை. ஆகவே உலோகம் கண்டறியும் வாசல் அதைக் கண்டுகொள்ளாது. தேன்குழல் மாவு போல் கையால் பிசைந்து எந்த வடிவத்துக்கும் கொண்டுவந்துவிடலாம். எக்ஸ்ரே கண்ணுக்கு அதுவும் அடர்த்தியான ஒரு கரிமக் கட்டி, அவ்வளவுதான். ஆர்.டி.எக்ஸ். என்ற பெயரை 1991 ஸ்ரீபெரும்புதூர், 1993 மும்பை இரண்டுக்கும் பிறகு நம் வீட்டுத் திண்ணைகள்கூட அறியும். செக்கோஸ்லோவாகியாவில் தயாரான செம்டெக்ஸில் அதோடு பி.இ.டி.என். என்ற இன்னொரு வெடிமருந்தும் சேரும். 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே பான் ஆம் 103 விமானத்தைச் சிதறடித்தது செம்டெக்ஸ்தான். அரைக் கிலோகூட இராது என்று கணக்கிட்டார்கள். அதை ஒளித்திருந்தது ஒரு ரேடியோ கேசட் பெட்டிக்குள். விமானத்தில் 259 பேரும் கீழே ஊரில் 11 பேரும் மாண்டார்கள். அந்தப் பெட்டியும் ஆள் இல்லாமல் மால்ட்டாவிலிருந்து விமானம் மாறி மாறி வந்தது என்பது நீதிமன்றத்தின் முடிவு. எங்கள் பாட்டுப் பெட்டியை அந்த இளைஞர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

இந்த வெடிமருந்துகள் எளிதில் ஆவியாவதில்லை, அதனால் மோப்பம் பிடிப்பதும் கடினம். லாக்கர்பிக்குப் பிறகு, 1991 மார்ச்சில், மான்ட்ரியலில் நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. பிளாஸ்டிக் வெடிமருந்தைத் தயாரிக்கும்போதே எளிதில் ஆவியாகும் ஒரு வேதிப்பொருளைக் கலந்துவிட வேண்டும். நாயோ கருவியோ அதை மோந்து கண்டுபிடித்துவிடும். 1998-இல் அது நடைமுறைக்கு வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் திருட்டுத்தனமாகத் தயாரிக்கிறவன் உடன்படிக்கையைப் படித்துவிட்டா கலக்கப்போகிறான்?

அதனால்தான் அடுத்து அந்த இளைஞர் செய்த வேலை. ஒரு சிறிய துணிப்பட்டையைக் கோலில் மாட்டி, பெட்டியின் பிடி, ஜிப், புளி சுற்றியிருந்த உறை, பாட்டுப் பெட்டியின் விளிம்பு என்று ஒவ்வொன்றாகத் துடைத்தார். பட்டையைக் கருவிக்குள் செருகினார். கருவி அதைச் சூடாக்கி, ஒட்டியிருக்கும் துகளை ஆவியாக்கி, மின்னூட்டம் கொடுத்து, அது எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று அளக்கிறது. வெடிமருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம். கண்ணுக்குத் தெரியாத துளி போதும். இதனால் தொல்லையும் உண்டு. நைட்ரேட் உரத்தை அள்ளிய கை, பட்டாசு வெடித்த கை, சில நெஞ்சுவலி மாத்திரைகள், கிளிசரின் கலந்த களிம்பு இவையெல்லாம் கருவியைக் கத்தவைக்கலாம். ஆத்தாவின் மாத்திரைச் சீட்டை நான் கைப்பையின் மேலாக வைத்திருந்தது இதற்காகத்தான். தேவைப்படவில்லை. கருவி பச்சை காட்டியது. "புளி நல்ல மணம்" என்று அவர் சொன்னதும் ஆத்தா, "தம்பி எந்த ஊர்?" என்று தொடங்கிவிட்டார். நாற்காலியை நகர்த்த வேண்டியதாயிற்று.

பிறகு கைப்பைப் பரிசோதனை. ஆத்தாவுக்கு மூட்டு மாற்று அறுவை நடந்திருப்பதால் உலோக வாசல் சத்தமிட்டது. திரைக்குப் பின்னால் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையின் பெண் காவலர் ஒருவர் தொட்டுத் தடவிச் சோதித்தார். தமிழ் தெரியாதவர், ஆனாலும் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்பதுபோல் பார்த்துவிட்டே கை வைத்தார். வெளியே வந்த ஆத்தா, "கிழவி உடம்பில் என்ன தேடுகிறார்கள்?" என்றார். 2001-இல் ஒருவன் செருப்படியில் வெடிமருந்தை வைத்து ஏறினான், 2009-இல் ஒருவன் உள்ளாடையில் தைத்துக்கொண்டு ஏறினான். 2006-இல் லண்டனில் பானப் புட்டியில் கொண்டுபோகத் திட்டமிட்டார்கள், அதில் வந்ததுதான் உன் தைலத்துக்கான 100 மில்லி என்றேன். "உள்ளாடையிலா!" என்று ஆத்தா போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு ஒரு குறை உண்டு. கருவிக்கு இவ்வளவு செலவழிக்கிறோம். ஆனால் ஹிந்தாவியின் பையைக் கண்டுபிடித்தது கேள்வி கேட்ட மனிதர்கள். நம் நிலையங்களில் அந்தக் கேள்வி சடங்காகிவிட்டது. கேட்பவரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை, சொல்பவரும் யோசிப்பதில்லை. வரிசையின் நீளத்தைப் பார்த்தால் அவர்களையும் குற்றம் சொல்ல முடியவில்லை.

சிங்கப்பூரில் புளி போய்ச் சேர்ந்தது. ஆச்சியின் பேத்தி அன்றே வந்து வாங்கிக்கொண்டாள். கோபித்துக்கொண்டு போன பங்காளி வீட்டு அண்ணன் தன் பெட்டியைக் கூரியரில் அனுப்பிவிட்டதாக ஊரிலிருந்து செய்தி வந்தது. அங்கே ஆதார் நகல் கேட்டு, போட்டிருந்த டேப்பை முழுவதும் கிழித்து, முறுக்கு டப்பாவைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்களாம். 2010-இல் ஏமனிலிருந்து அச்சு எந்திரங்களின் மைக்கூட்டுக்குள் பி.இ.டி.என். வைத்துச் சரக்கு விமானத்தில் அனுப்பிப் பிடிபட்ட விவகாரத்தை அவரிடம் தொலைபேசியில் விளக்கப் பார்த்தேன். "அடுத்த தடவை உன்னிடமே திறந்து கொடுத்துவிடுகிறேன், நீ கதை சொல்லாதே" என்று வைத்துவிட்டார்.