‘மனைவி’ என்று எழுதிய வாடகை ஒப்பந்தம்

திருமணம் செய்துகொள்ளாமல் ஆறு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்துவிட்டுப் பிரிந்த தோழி ஒருத்தி, சென்ற மாதம் என் மேசைமேல் இரண்டு வாடகை ஒப்பந்தங்களையும் ஓரம் மடங்கிய சமையல் கேஸ் புத்தகத்தையும் வைத்துவிட்டு, “இதெல்லாம் கோர்ட்டுல செல்லுமாடி?” என்று கேட்டாள்.

இத்தகைய பிரிவுக்கென நாடு முழுவதற்குமான தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. பெண்ணுக்கு இருக்கும் முதன்மையான பிடிமானம் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம். ‘திருமணத்தின் தன்மை கொண்ட உறவில்’ வாழ்ந்தவரும் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்து, குடியிருந்த வீட்டில் தொடர்ந்து தங்கவும் செலவுக்குப் பணம் பெறவும் ஆணை கேட்கலாம். வெறும் பிரிவு போதாது, வன்முறை நிகழ்ந்திருக்க வேண்டும். ஆயினும் செலவுக்குத் தராமல் நிறுத்துவதையும் பூட்டை மாற்றி வெளியே நிறுத்துவதையும் அச்சட்டம் பொருளாதார வன்முறையாகவே கொள்கிறது. ஆணுக்கு இந்த வழி கிடையாது.

கோயம்புத்தூர் குடும்ப நீதிமன்றத்தில் 2001இல் மாதம் 500 ரூபாய் ஜீவனாம்சம் கேட்டுத் தொடுக்கப்பட்ட வழக்கொன்று உச்ச நீதிமன்றம் வரை சென்றபோதுதான், அந்த ‘தன்மை’ எது என்பதற்கு 2010இல் அளவுகோல் கிடைத்தது: மணவயதை எட்டிய, மணம் செய்யத் தடையில்லாத இருவர், கணிசமான காலம் ஒரே வீட்டில் விரும்பி, ஊரறியக் கணவன் மனைவிபோல வாழ்ந்திருக்க வேண்டும். கணிசமான காலம் என்பது எத்தனை ஆண்டு என்று வரையறுக்கப்படவில்லை. எனக்கு உறுத்துவது ‘ஊரறிய’ என்ற நிபந்தனைதான். வீடு கிடைப்பதற்காகவே அண்ணன் தங்கை என்று பொய் சொல்லிக் குடியேறியவர்கள் அதை எப்படி நிறுவுவார்கள்? தோழியின் முதல் ஒப்பந்தத்தில் அவள் ‘உறவினர்’. இரண்டாவதில், புரோக்கர் தம் விருப்பப்படி எழுதிவிட்ட ‘மனைவி’.

குழந்தை இருந்தால் சிக்கல் குறைவு, ஏனெனில் பெற்றோர் மணமாகாதவர்கள் என்பதால் அதன் ஜீவனாம்ச உரிமை போய்விடாது.

சொத்தில்தான் சட்டம் கறாராக இருக்கிறது. எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்தாலும், துணைவரின் பெயரில் பத்திரம் உள்ள வீட்டில் மற்றவருக்குத் தானாகப் பங்கு வராது. தம் பணத்தில் வாங்கியதை வாழ்க்கைத்துணையின் பெயரில் பதிய, பினாமி சட்டம் கணவன் மனைவிக்கு விலக்கு அளிக்கிறது; மணமாகாதவர்களுக்கு அந்த விலக்கு இல்லை என்பதால், ‘பணம் என்னுடையது, வீட்டைக் கொடு’ என்று வழக்குத் தொடுப்பதற்கே அச்சட்டம் தடையாகலாம். அடுக்குமாடி வீட்டுக்கு இரண்டு ஆண்டுகள் பாதித் தவணை கட்டிய தோழி இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

மறுநாள் வழக்கறிஞர், அவளுடைய வங்கிக் கணக்கு விவரங்களைக் கொண்டுவரச் சொன்னார். மேசையில் கிடந்தவற்றில் அவர் நகல் எடுத்துக்கொண்டது, புரோக்கர் எழுதிய அந்த இரண்டாவது ஒப்பந்தத்தை மட்டும்.