டெயில் லைட்ல அடிச்ச ஸ்மோக் ஸ்பிரேயை எடுத்து எஃப்.சி. காட்டுன கதை

ஒரு வழியா ஆர்.சி. ரினிவல் ஆயிடுச்சு. கடுப்பு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன், 15 வருஷம் முடியப்போற பழைய வண்டி வச்சிருக்கவங்க யாருக்காவது உதவும்.

வண்டி 2010 மாடல் ஸ்விஃப்ட், செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. முன்னாடி வச்சிருந்த தம்பி டெயில் லைட் ரெண்டுலயும் வீட்லயே கருப்பு ஸ்மோக் ஸ்பிரே அடிச்சு, அதுக்கு மேல நிறமில்லாத கிளியர் கோட்டும் அடிச்சு வச்சிருந்தாரு. பளபளன்னு இருந்தாலும் பரவாயில்ல, ஒரே தடவையில மொத்தமா அடிச்சதுல அங்கங்க ஒழுகி நின்னு காஞ்சிருக்கு, மழை நாள்ல அடிச்சாரோ என்னவோ கிளியர் கோட் ஓரமெல்லாம் வெள்ளையா பூத்துப் போயிருக்கு. அதைக் காட்டித்தான் விலையிலயே கொஞ்சம் குறைச்சேன். அப்புறம் பேர் மாத்தும்போதும் சரி, வருஷா வருஷம் இன்சூரன்ஸ் போடும்போதும் சரி, யாரும் அந்த லைட்ட ஒரு வார்த்தை கேக்கல.

ஆன்லைன்ல பரிவாகன் சைட்ல படிவம் 25, புகை சர்ட்டிபிகேட், இன்சூரன்ஸ், காருக்கு 5,000 ரூபா ரினிவல் ஃபீஸ், பசுமை வரி எல்லாம் ஒரே உக்காருல முடிஞ்சுது, அதுல எந்தக் குறையும் இல்ல. வம்பெல்லாம் எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ஓடுற தகுதியோட இருக்கான்னு பாக்குற சோதனைக்கு, வண்டிய ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிரவுண்டுக்குக் கொண்டு போனப்பதான்.

பிரேக் இன்ஸ்பெக்டர் சேஸ் நம்பர் பாத்தாரு, ஹாரன் அடிக்கச் சொன்னாரு, பின்னாடி போய் நின்னாரு. உச்சி வெயில்.

"பிரேக்க மிதிங்க."

மிதிச்சேன்.

"மிதிங்க சார்."

"மிதிச்சுட்டுத்தான் சார் இருக்கேன்."

ஒண்ணும் பேசல, பேப்பர்ல என்னமோ எழுதுனாரு. இறங்கிப் போய்க் கேட்டா, "லைட்ட மாத்திட்டு கொண்டு வாங்க"ன்னு ஒரே வரி. பல்பு புதுசு சார், எரியுது சார்னு சொன்னதுக்கு அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் காதுல இருக்கு. "லைட் எரியுறத விடுங்க. நைட்டு ரோட்டோரம் வண்டிய அணைச்சுப் போட்டுட்டு நிக்குறீங்க, பின்னாடி லாரிக்காரன் வர்றான், அவனுக்கு என்ன தெரியும்?" நான் அதுவரைக்கும் பிரேக் லைட் மங்கலா இருக்குறதத்தான் பிரச்சனைன்னு நினைச்சுட்டு இருந்தேன், அவர் சொன்னது ரிஃப்ளெக்டரை. டெயில் லைட்டுக்குள்ளயே சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒரு பட்டையா இருக்கும், அதுக்கு கரன்ட்டே வேணாம், பின்னாடி வர்ற வண்டியோட வெளிச்சத்தையே திருப்பி அனுப்பும். அதுக்கு மேலயும் சேத்து ஸ்பிரே அடிச்சா கதை முடிஞ்சுது. பல்பு வெளிச்சம் அந்தக் கருப்ப ஒரு தடவை தாண்டி வெளிய வந்தா போதும், ரிஃப்ளெக்டருக்கு வெளிச்சம் உள்ள போறப்ப ஒரு தடவை வெளிய வர்றப்ப ஒரு தடவைன்னு ரெண்டு தடவை தாண்டணும். ஸ்பிரே பாதி வெளிச்சத்தக் குடிக்குதுன்னு வச்சுக்கங்க, பல்பு பாதியா தெரியும், ரிஃப்ளெக்டர் கால்வாசிதான் தெரியும்.

கார் கண்ணாடியில கருப்பு சன் ஃபிலிம் ஒட்டக் கூடாதுன்னு 2012ல சுப்ரீம் கோர்ட் சொன்னது எல்லாருக்கும் தெரியும், ஆனா சட்டம் கண்ணாடியோட நின்னுடுச்சுன்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல 105வது விதிய எடுத்துப் பாருங்க, பின்னாடி சிவப்பு லைட் 155 மீட்டர் தூரத்துல இருந்து தெரியணும்னு தெளிவா இருக்கு. அதனால அவர் மேல எனக்குக் கோவம் இல்ல. கோவமெல்லாம் கவுன்டர்ல இருந்தவர் மேல. மறுபடி எப்ப கொண்டு வரணும், திரும்ப ஸ்லாட் போடணுமா, இதே பேப்பர் செல்லுமான்னு கேட்டா நிமிந்து கூட பாக்காம "ஆன்லைன்ல பாருங்க". ஆன்லைன்ல பாத்தா "அலுவலகத்தை அணுகவும்". பக்கத்துல லைன்ல நின்ன ஒரு ஆட்டோக்கார அண்ணன்தான் எந்த டேபிள்ல கேக்கணும்னு சொல்லி அனுப்புனாரு.

வெளிய வந்தா டீக்கடை வாசல்ல ஒரு புரோக்கர் பிடிச்சுக்கிட்டாரு. "சார், உங்க வண்டிக்கு நல்ல லைட்டு ஒரு ஜோடி வாடகைக்கு இருக்கு, மாட்டிக் காட்டிட்டு கழட்டிக் குடுத்துருங்க, உங்க கருப்பு லைட்டே திரும்ப மாட்டிக்கலாம்." டயரையெல்லாம் இப்படி வாடகைக்கு விடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன், டெயில் லைட்டும் விடுறாங்கன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அவர் கேட்ட வாடகைக்கு கொஞ்சம் மேல போட்டா சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகள்ல பழைய லைட்டே சொந்தமா வாங்கிடலாம். அதையும்தான் தேடிப் போனேன். ஒரு கடையில இடது பக்கம் மட்டும் இருக்கு, இன்னொரு கடையில வலது இருக்கு ஆனா உள்ள தண்ணி பூந்து ஆவி கட்டியிருக்கு, ரெண்டையும் சேத்து மாட்டுனா ஒண்ணு ரத்தச் சிவப்பு ஒண்ணு வெளுத்த சிவப்பு. அக்ஸசரீஸ் கடையில கேட்டா "ஸ்பிரே அடிச்சதெல்லாம் போகாது சார், புது செட்டு போட்டுருங்க"ன்னு பில் புக்கயே எடுத்துட்டாரு. போகும். ஆனா எப்படி எடுக்குறீங்கங்குறதுலதான் இருக்கு விஷயம்.

இந்த இடத்த கவனமாப் படிங்க. தெரிஞ்ச டிங்கரிங் ஷாப்ல காட்டுனேன், பெயிண்டர் "இது என்ன சார், ரெண்டு நிமிஷ வேலை"ன்னு பனியன் துணிய பெயிண்டக் கரைக்குற தின்னர்ல நனைச்சு வலது லைட்டோட கீழ் மூலையில ஒரு இழு இழுத்தாரு. நிஜமாவே கருப்பு கரைஞ்சு துணியோட வந்துச்சு, உள்ள சிவப்பு தெரிஞ்சுது, எனக்கும் சந்தோஷம்தான். அடுத்த நிமிஷம் அந்த இடம் மங்குச்சு. கிட்டப் போய் வெயில்ல பாத்தா பிளாஸ்டிக்குக்குள்ள நூல் நூலா வெடிப்பு, சிலந்தி வலை கணக்கா, விரல வச்சுத் தேய்ச்சா மேல வழவழன்னு இருக்கு, வெடிப்பு உள்ள இருக்கு. அது திரும்பி வராது. பெயிண்டர் உடனே "இது ஏற்கனவே இருந்திருக்கும் சார்"ன்னுட்டாரு. வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.

பெரும்பாலான டெயில் லைட் கவர் அக்ரிலிக். அதுக்கு என்.சி. தின்னர், அசிட்டோன், அதாவது நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல் எதுவுமே ஆகாது. தகரத்து மேல இருக்குற பெயிண்டுக்கு செய்யுறத இதுக்கு செஞ்சா லைட்டு போச்சு. யாராவது உங்க டெயில் லைட் பக்கம் தின்னர் துணியோட வந்தா கையப் பிடிச்சு நிறுத்துங்க, வெக்கப்படாதீங்க.

அப்புறம் வீட்லயே உக்காந்து தண்ணி பேப்பர், அதாவது தண்ணியில நனைச்சுத் தேய்க்குற உப்புத்தாள் போட்டுத்தான் எடுத்தேன். டிக்கியத் திறந்து ஸ்க்ரூவக் கழட்டி லைட்ட நேரா பின்னாடி இழுத்தா வந்துடும், பக்கவாட்டுல நெம்புனா உள்ள இருக்குற பிளாஸ்டிக் பின் உடைஞ்சுடும். பல்பு ஹோல்டர் இருக்குற ஓட்டையெல்லாம் டேப் போட்டு அடைச்சுக்கங்க, இல்லன்னா தேய்க்கிற தண்ணி உள்ள பூந்து அதுக்கு வேற தனியா அழணும். நம்பர் ஏற ஏற பேப்பர் நைஸா இருக்கும், 800 நம்பர் பேப்பர்ல ஆரம்பிச்சு 1000, 1500, 2000, 3000, கடைசியா பாலிஷ் போடுற ரப்பிங் காம்பவுண்ட். பக்கெட் தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட். பேப்பர வெறும் விரல்ல வச்சுத் தேய்ச்சா விரல் தடத்துக்குப் பள்ளம் விழும், ஒரு ரப்பர் துண்டுல சுத்தித் தேய்க்கணும்.

எங்க நிறுத்தணும்னு யாரும் சொல்லித் தரல, தேய்ச்சு வர்ற தண்ணியோட நிறந்தான் எனக்கு சொல்லுச்சு. முதல்ல வெள்ளையா வரும், அது கிளியர் கோட். அப்புறம் சாம்பல் கருப்பா வரும், அதுதான் ஸ்மோக். ஒழுகி நின்ன இடத்துல இது வந்துட்டே இருக்கும், பொறுமை போயிடும், 400 நம்பர் பேப்பர எடுக்கலாமான்னு கை அரிக்கும், எடுக்காதீங்க, அந்தக் கீறல அழிக்குறது பெரும்பாடு. கருப்பு குறைஞ்சு தண்ணி லேசா ரோஸ் கலர்ல வர ஆரம்பிச்சா அது லைட்டோட சொந்த சிவப்பு, 800 பேப்பர உடனே கீழ வச்சுடணும். ரிவர்ஸ் லைட் இருக்குற வெள்ளைப் பகுதியில இந்த அடையாளம் கிடைக்காது, துடைச்சுத் துடைச்சுப் பாத்துத்தான் போகணும். 1500 முடிச்சப்ப லைட்டு முழுக்க மங்கி, இருந்ததையும் கெடுத்துட்டோமோன்னு தோணும், வீட்ல கூட "அப்படியே விட்டுருந்தா கருப்பாவாவது இருந்திருக்கும்"னு காமெடி பண்ணாங்க. காம்பவுண்ட் போட்டு ரெண்டு நிமிஷம் தேய்ச்சதும் தெளிஞ்சு வந்துச்சு பாருங்க, அந்த நிமிஷத்துக்காக இன்னொரு லைட்டு கூட தேய்க்கலாம்.

இன்னொரு லைட்டு இருந்துச்சு, அது வேற விஷயம்.

ஆனா ஒரு பக்கம் முடிஞ்ச கையோட ரெண்டையும் மாட்டிட்டு நைட்டு ஒரு சோதனை பண்ணேன், நீங்களும் பண்ணிப் பாருங்க. வண்டி லைட் எதையும் போடாம தெருவோட அந்தக் கோடியில நின்னு செல்போன்ல ஃபிளாஷ் போட்டு ஒரு போட்டோ. இடது ரிஃப்ளெக்டர் தகதகன்னு சிவப்பா திருப்பி அடிக்குது, வலது பக்கம் லைட்டு இருக்குற இடமே தெரியல. இன்ஸ்பெக்டர் சொன்ன லாரிக்காரன் அப்பத்தான் எனக்குப் புரிஞ்சாரு. அந்த போட்டோவ வித்த தம்பிக்கு அனுப்புனேன். "அண்ணே சூப்பரா இருந்துச்சே, ஏன்ணே எடுத்தீங்க? டப்பா மிச்சம் இருக்கு, வேணும்னா தரேன்"ன்னு பதில்.

ரெண்டாவது தடவை கிரவுண்டுல டெயில் லைட்டப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லல, தின்னர் பட்ட மூலையக் கூட கண்டுக்கல. அப்பாடான்னு நினைக்கறதுக்குள்ள "நம்பர் பிளேட் லைட் எரியலையே". அதுவும் அதே 105வது விதியிலதான் வருது, நம்பர் 15 மீட்டர்ல இருந்து படிக்கத் தெரியணும். டெயில் லைட்டயே பாத்துட்டு இருந்ததுல அந்தக் குட்டி பல்ப யாரு பாத்தா? நல்லவேளை அவர் திருப்பி அனுப்பல, வெளிய எலக்ட்ரிகல் கடையில அஞ்சு வாட் பல்பு வாங்கி மாட்டிட்டு வந்து காட்டுனதும் கையெழுத்துப் போட்டாரு. கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டு வாசல்லயே ஒருத்தர பின்னாடி நிக்க வச்சு பார்க், பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ், நம்பர் பிளேட்டுன்னு எல்லாத்தையும் ஒரு தடவை போட்டுப் பாத்துடுங்க.

இதப் படிச்சுட்டு சிலர் ஹெட்லைட்டயும் தேய்க்கக் கிளம்புவீங்க. அது பாலிகார்பனேட், மேல வெயில் தாங்குறதுக்குன்னு தனி கோட்டிங் இருக்கும், தேய்ச்சு அது போயிட்டா மறுபடி கோட்டிங் போடாம விட்டா சீக்கிரமே மஞ்சளாயிடும். அக்ரிலிக் டெயில் லைட்டுக்கு அந்தத் தொல்லை இல்ல, நான் பாலிஷோடயே விட்டுட்டேன்.

ஆர்.சி. கார்டு ஸ்பீட் போஸ்ட்லதான் வரும், கவுன்டர்ல போய் நிக்காதீங்க, பழைய அட்ரஸா இருந்தா திரும்பிப் போயிடும், அத முதல்லயே சரி பண்ணிக்கங்க. தேதி முடிய 60 நாள் இருக்கும்போதே அப்ளை பண்ண விடுறாங்க, லேட்டானா காருக்கு மாசம் 500 ரூபா வேற ஏறும். ஸ்பிரே அடிச்ச லைட்டோட இருக்குறவங்க அப்ளை பண்றதுக்கும் முன்னாடியே தேய்க்க உக்காந்துடுங்க.