பெயர் எழுதாத மாத்திரைகள்

நாங்கள் குத்துச்சண்டை பழகும் இடம் ஒரு காலத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவமாக இருந்தது. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், அப்புறம் தேயிலைக்குள்ளால் கால் மணி நேர நடை. தோட்டத்தில் புது மடுவம் கட்டியதும் பழையதைக் கேட்டு வாங்கினோம். தகரக் கூரை, மூன்று பக்கமும் அரைச்சுவர். கொழுந்துத் தராசு தொங்கிய இரும்புக் கொக்கி இன்னும் அப்படியே இருக்கிறது. எங்கள் பெரிய பை அதில்தான் தொங்குகிறது. உரச் சாக்குக்குள் பழந்துணியும் மரத்தூளும் திணித்து நாங்களே தைத்தது. மழை மாதங்களில் ஈரம் குடித்துக் கல்லாக இறுகிவிடும்.

பகலில் நான் உடற்கல்வி ஆசிரியர். மாலையில் இங்கே பயிற்சியாளர். பதினெட்டு வருடமாக இதுதான் வாழ்க்கை. ஊக்கமருந்து என்பது லாஸ் வேகாஸிலும் லண்டனிலும் நடக்கிற விஷயம் என்றுதான் தொடக்கத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பையன்கள் பெரிய சண்டைகளையெல்லாம் கைபேசியில் பார்த்துவிட்டு வருவார்கள். கைக்குத் துணி சுற்றும்போதே வழக்கு தொடங்கிவிடும். 2018 பெப்ரவரியில் மெக்சிக்கோ வீரர் கனெலோ அல்வாரெஸின் சிறுநீரில் கிளென்பியூட்டரோல் என்ற தடைசெய்த மருந்து அகப்பட்டபோது மடுவமே இரண்டாகப் பிரிந்தது. அசுத்தமான மாட்டிறைச்சியால் வந்தது என்றார் அவர். மெக்சிக்கோவில் மாடுகளின் சதையைக் கூட்ட அந்த மருந்தைக் களவாகக் கொடுப்பது உண்மைதான். அமெரிக்காவின் நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் ஆறு மாதம் தடை போட்டது. மே மாதம் நடக்க இருந்த கொலொவ்கினுடனான சண்டை செப்டெம்பருக்குத் தள்ளிப்போனது, அதில் அல்வாரெஸே வென்றார். "காசிருந்தா ஆறு மாசம் சேர், நம்மளா இருந்தா நாலு வருஷம்" என்றான் ஒருவன். அவன் சொன்னதில் பாதி சரி. தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு உலகம் முழுதும் ஒரே நிர்வாகம் கிடையாது. எந்த மாநிலம், எந்த ஆணையம், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பரிசோதனை. வாடா எனப்படும் தன்னார்வ ஊக்கமருந்துத் தடுப்புச் சங்கத்தை மார்கரெட் குட்மன் என்ற மருத்துவர் 2011 இல் தொடங்கிய பிறகுதான், பெரிய சண்டைகளுக்கு முந்திய வாரங்களில் முன்னறிவித்தல் இல்லாமல் வந்து மாதிரி எடுப்பது பரவலானது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையத்தையும் வாடா என்றே சொல்வதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அது 1999 இல் தொடங்கியது, இது வேறு.

அதற்கு முன்னால் இருந்தது வெறும் வாய்ப்பேச்சு. அமெரிக்காவின் மேவெதரும் பிலிப்பைன்ஸின் பக்கியாவோவும் மோதுவதற்கு 2009 இன் கடைசியில் பேச்சு நடந்தது. இரத்தப் பரிசோதனை எந்த நாளிலும் நடக்கலாம் என்று ஒப்புக்கொள்ளும்படி மேவெதர் தரப்பு கேட்டது. சண்டைக்குக் கிட்டிய நாட்களில் இரத்தம் கொடுக்க பக்கியாவோ தயாராக இல்லை, பேச்சு முறிந்தது. பக்கியாவோ மருந்து பாவிக்கிறவர் என்ற பேச்சு அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. அவர் அவதூறு வழக்குப் போட்டார், அது 2012 இல் சமரசமானது. எந்தப் பரிசோதனையிலும் அவர் ஊக்கமருந்தில் அகப்பட்டதில்லை. கடைசியில் அவர்கள் மோதியது 2015 மே 2 அன்று. இரத்தம் எடுத்தால் பலம் போய்விடும் என்ற பயம் எங்கள் தோட்டத்து லயன் வீடுகளிலும் உண்டு. கிளினிக்கில் ஊசி குத்தி இரண்டு சிறு குழாய் நிறைத்தால், அன்று கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். அதனால் பக்கியாவோவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்களுக்கு உண்மையில் வலித்தது 2010 தான். டெல்லி பொதுநலவாய விளையாட்டில் மஞ்சு வன்னியாரச்சி தங்கம் வென்றார். 1938 இல் பார்னி ஹென்றிகஸ் வென்றதற்குப் பிறகு 72 வருடம் கழித்துக் குத்துச்சண்டையில் இலங்கைக்கு வந்த தங்கம். அன்றைக்கு மடுவத்தில் பட்டாசு வெடித்தோம். பின்னால் அவருடைய மாதிரியில் நான்ட்ரோலோன் என்ற, தசை வளர்க்கும் ஊக்கமருந்து இருந்ததாக அறிவித்தார்கள். பதக்கம் பறிபோய் வேல்ஸின் சோன் மெக்கோல்ட்றிக்குக்குப் போனது. அதே மருந்துதான் 2015 பெப்ரவரியில் பிரிட்டன் வீரர் டைசன் ஃபியூரியின் மாதிரியிலும் இருந்தது. ஆண் காட்டுப்பன்றி இறைச்சி சாப்பிட்டதால் வந்தது என்றார்கள். 2017 டிசெம்பரில் அவர் தரப்பும் பிரிட்டன் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பும் சமரசமாகி, பின்தேதியிட்ட இரண்டு வருடத் தடையோடு அவர் மேடைக்குத் திரும்பினார். அப்புறம் மறுபடி உலகச் சம்பியனும் ஆனார். மஞ்சுவின் பெயரை எங்கள் பையன்கள் இன்றைக்கும் மெதுவான குரலில்தான் சொல்கிறார்கள்.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன்.

என்னிடம் பழகிய ஒருவன், பாடசாலை முடிந்ததும் நுவரெலியாவில் மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனான். எட்டு மாதம் கழித்து வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. தோள் இரண்டும் பலாக்காய் மாதிரி. கழுத்து தடித்துவிட்டது. வேறு பயிற்சியாளர் ஒருவர் அவனைப் பார்த்துவிட்டு, கையை மடக்கிப் புஜத்தில் ஊசி குத்துவதுபோல் காட்டினார். நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் அந்தச் சைகை மனதில் தங்கிவிட்டது. அவன் வேகமாக அடித்தால் சந்தேகம், கோபப்பட்டால் சந்தேகம், முகத்தில் பரு வந்தாலும் சந்தேகம்.

ஒரு நாள் அவன் கயிறு தாண்டிக்கொண்டிருந்தபோது அவனுடைய பையைத் திறந்து பார்த்தேன். செய்யக்கூடாத வேலை, செய்தேன். ஈரத் துவாய், ஒரு சித்தாலேப வலித்தைல டப்பி, ரொட்டி சுற்றிய கடதாசி, அடியில் ஒரு சின்னக் காகித உறை. உறைக்குள் மூன்று வெள்ளை மாத்திரைகள். உறையின் மேல் பேனாவால் காலை, இரவு என்று இரண்டு கோடு போட்டிருந்தது. மருந்தின் பெயர் இல்லை.

நம் ஊரில் இதுதான் வழக்கம். டிஸ்பென்சரியில் காசு கட்டினால் மாத்திரையை எண்ணி உறையில் போட்டுக் கொடுப்பார்கள். என்ன மருந்து என்று யாரும் சொல்வதுமில்லை, நோயாளி கேட்பதுமில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிற ஜனம் நாங்கள்.

மறுநாள் அவனிடமே கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது. "இழுப்பு வந்துச்சு சேர். குளிருக்குள்ள மூட்டை ஏத்துனதால. டிஸ்பென்சரியில குடுத்தாங்க." அவனையும் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்கே போனேன். நாலைந்து தரம் கேட்ட பிறகு வேண்டாவெறுப்பாக ஒரு துண்டில் எழுதித் தந்தார்கள். பிரெட்னிசொலோன். இழுப்புக்குக் கொடுக்கிற சாதாரண மருந்துதான், ஆனால் போட்டிக் காலத்தில் வாயால் எடுப்பது தடை. போட்டிக் காலம் என்பது சண்டைக்கு முந்திய இரவு 11.59 இலிருந்து கணக்கு. உடம்பிலிருந்து அது வெளியேறக் குறைந்தது மூன்று நாள் விட வேண்டும். எங்கள் போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நாள் குறைவாக இருந்திருந்தால், குணமாகப் போட்ட மாத்திரைக்காக அந்தப் பையன் கள்ளனாகியிருப்பான். விதி அப்படி. உடம்புக்குள் எப்படி வந்தது என்பது அடுத்த கேள்வி, இருந்தால் முதல் பொறுப்பு வீரனுடையது.

போட்டி கண்டியில் நடந்தது. 67 கிலோவில் அவன் வென்று மேடையை விட்டு இறங்கியபோது கழுத்தில் அட்டை தொங்கிய ஒருவர் வந்து நின்றார். பரிசோதனைக்குத் தெரிவாகியிருக்கிறான், இந்த நிமிடத்திலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரத்திலேயே இருக்க வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். படிவம் ஆங்கிலத்தில். அவனுக்கு இரண்டும் தடுமாற்றம் என்பதால் நான் பிரதிநிதியாகக் கூடப் போனேன்.

சண்டை முடிந்த உடம்பில் தண்ணீர் ஏது? மூடி உடைக்காத போத்தல்களில் தண்ணீர் இருந்தது, நாங்களே எடுக்க வேண்டும், அவர்கள் கையால் தர மாட்டார்கள். முதல் தடவை நாற்பது மில்லிலீற்றர் சிறுநீர்தான் வந்தது. தேவை தொண்ணூறு. அந்த நாற்பதையும் முத்திரையிட்டு வைத்தார்கள். மறுபடி காத்திருந்தோம். இரண்டு மணி நாற்பது நிமிடம். அவன் அறையின் மூலையிலிருந்து மூலைக்கு நடந்தான், உட்கார்ந்தான், குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டான். ஆண் அதிகாரி ஒருவர் சட்டையை நெஞ்சு வரை தூக்கச் சொல்லி, காற்சட்டையை முழங்காலுக்கு இறக்கச் சொல்லி, நேராகப் பார்த்துக்கொண்டு நிற்பார். இருபது வயதுப் பையனுக்கு அது எவ்வளவு கூச்சம்! கதவுக்கு இப்பால் நின்ற எனக்கே தொண்டை அடைத்தது.

கடைசியில் அளவு சேர்ந்தது. மாதிரிப் போத்தல் பெட்டிகளில் ஒன்றை அவனே தெரிவு செய்தான். போத்தல், மூடி, பெட்டி மூன்றிலும் ஒரே இலக்கம்தானா என்று விரல் வைத்து வாசித்தான். அவனே ஊற்றினான். ஏ போத்தல், பி போத்தல். முடிவில் தகராறு வந்தால் மறுபடி சோதித்துப் பார்க்கத்தான் பி. மூடியைத் திருகும்போது பல்சக்கரம் ஏறுகிற மாதிரி டிக் டிக் என்று சத்தம் வந்தது, அதற்கு மேல் திரும்பவில்லை. தலைகீழாகக் கவிழ்த்து ஒழுகுகிறதா என்று பார்த்தான். எனக்கு அந்த நேரத்தில் மடுவத்துத் தராசு நினைவு வந்தது. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். முள் எங்கே நின்றது என்று அம்மா எட்டிப் பார்ப்பதற்குள் கூடையை இறக்கிவிடுவார்கள். இன்னொரு தடவை நிறுத்துக் காட்டு என்று கேட்க அவளுக்கு ஒரு பி போத்தல் இருக்கவில்லை.

கடந்த ஏழு நாளில் எடுத்த மருந்துகள் என்ற இடத்தில் சித்தாலேபவையும் எழுதச் சொன்னான். எழுதினேன்.

இலங்கையில் அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் இல்லை. மாதிரி வெளிநாடு போய்த்தான் வர வேண்டும். ஐந்து வாரம் கழித்துக் குத்துச்சண்டைச் சங்கத்திலிருந்து தகவல் வந்தது. ஒன்றும் இல்லை, சுத்தம். ஊசிச் சைகை காட்டியவருக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். பையைத் திறந்ததற்காக அவனிடம் மன்னிப்பும் கேட்டேன். "பரவாயில்ல சேர்" என்றான். பரவாயில்லை என்று சொல்கிறவர்கள் பொதுவாக மறப்பதில்லை.

ஆனால் போட்டி முடிந்த அன்றிரவு கண்டியிலிருந்து திரும்பிய பஸ்ஸில் நடந்ததுதான் என்னை இன்னும் உறங்க விடாதது. எங்கள் குழுவில் 51 கிலோவுக்குப் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். மெலிந்த உடம்பு. அவனைப் பார்த்து எந்தப் பயிற்சியாளரும் சைகை காட்ட மாட்டார். வியாழன் மாலை 53.4 கிலோ இருந்தவன், சனி காலை நிறுவையில் 50.8. நான் சந்தோஷப்பட்டேன். அன்று புள்ளிகளில் தோற்றான். மூன்றாம் சுற்றில் கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. கினிகத்தேனை ஏற்றத்தில் மறுபடி கெண்டைக்கால் பிடித்து, ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். காலை நீவிக்கொண்டே கேட்டேன்.

"அப்பாயி மாத்திரை சேர். கால் வீக்கத்துக்குக் கிளினிக்கில குடுக்கிறது. அதப் போட்டா ஒண்ணுக்கா போகும். நாலு போட்டேன்."

புரூசமைட். உடம்பின் தண்ணீரை இறக்கும் மருந்து. எடை குறைக்கவும் வேறு மருந்துகளை மறைக்கவும் பாவிப்பதால், போட்டிக்கு உள்ளேயும் வெளியேயும் எப்போதும் தடை. பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். அந்த உடம்போடுதான் அவன் மூன்று சுற்றும் தலையில் அடி வாங்கியிருக்கிறான்.

யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். யாருமில்லை என்றான். அப்புறம், "நீங்கதானே சேர் எப்படியாவது 51க்கு வந்துருன்னு சொன்னீங்க" என்றான். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோல் சொன்னான். எப்படியாவது என்ற சொல் என்னுடையதுதான். அதை நான் எத்தனை பையன்களிடம் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருந்தது.

அடுத்த போட்டியிலிருந்து அவனை விலக்கினேன். இனி 54 இல்தான் ஆடுவாய் என்றேன். மடுவத்தில் ஒரு கொப்பி வைத்தேன். யார் எந்த மருந்து எடுத்தாலும், பெயரோடு அதில் எழுதிய பிறகுதான் கையுறை. பெயர் தெரியாத மாத்திரையை நான் கொண்டுபோய் விசாரிப்பேன். டிஸ்பென்சரிகளில் என்னைக் கண்டால் இப்போது முகம் சுளிக்கிறார்கள்.

அடுத்த வாரத்து ஞாயிறு அவனுடைய லயத்துக்குப் போனேன். அப்பாயி இஸ்தோப்புத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வீங்கிப் பளபளத்தது. பிளேன்டீ கொடுத்துவிட்டு, நான் பேச்சைத் தொடங்குமுன் அவரே மாத்திரைப் பையை எடுத்து ஒரு தகரத் தட்டில் கொட்டினார்.

"நீங்க படிச்சவுக, எண்ணிப் பாருங்க சேர். முப்பதுன்னு எழுதியிருக்கு. நாலு கொறையுது. கொழுந்துலதான் கழிச்சாங்கன்னா, மாத்திரையிலயுமா கழிப்பாங்க?"

கிளினிக்கில் எண்ணிக் கொடுத்த பிள்ளையைப் பத்து நாளாகத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பையன் வாசற்படியில் நின்றான். நான் எதுவும் சொல்லவில்லை, அவனைத்தான் பார்த்தேன். தட்டில் மாத்திரைகள் கிடந்தன.

"அப்பாயி, அத நான்தான் எடுத்தேன்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டார். அப்புறம் அவனைக் கிட்டே கூப்பிட்டு, அவனுடைய கணுக்காலை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"ஒனக்குமா சாமி கால் வீங்குது?"